உங்கம்மையும் சுத்துதா, நீயும் சுத்துத

வாலே பேரப்புள்ள, இங்கன வந்து குத்தவை. முத்துமாலை அம்மன் கோயில் படித்துறைல இந்நேரத்துக்குத்தான் வெயில் இறங்கும். பயப்படாத, புத்திமதி சொல்லக் கூப்பிடல. புத்திமதி சொல்லுதவனுக்கு இந்த ஊர்ல ஒரு வெத்தலகூடக் கெடைக்காது. எனக்கு ஒரு சந்தேகம். அதக் கேக்கத்தான் கூப்பிட்டேன்.

நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சேன். உன் வீட்டு மச்சுல நீல வெளிச்சம் தெரிஞ்சுது. பய சர்க்கார் பரிச்சைக்கு மாய்ஞ்சு மாய்ஞ்சு படிக்கான்னு நெனச்சு, விடிஞ்சதும் உங்கம்மைகிட்டப் பெருமையாச் சொன்னேன். அவ மடியில பீடித்தட்ட வச்சுக்கிட்டு, நிமிராமச் சொல்லுதா: "அவன் எங்க மாமா படிக்கான்? அவனும் சுத்துதான்."

முக்கூடல்ல பொம்பளைய பீடி சுத்துதது பரம்பரைத் தொழில். நீ போன்ல சக்கரம் சுத்துதது புதுத் தொழில் போலருக்கு. சரி, ஒரு வீட்டுல ரெண்டு பேரு சுத்துனா வருமானம் ரெட்டிப்பாகணும்லா? உங்க வீட்டுல மட்டும் ஏம்ல கொறையுது? இதுதான் என் சந்தேகம்.

என்ன சொல்லுத? "இப்பம் நேரம் சரியில்ல தாத்தா. வரிசையாப் பதினோரு வாட்டி போயிட்டு. பன்னெண்டாவது விழுந்தே ஆகணும்." சரி. போன வாரம் நாலு வாட்டி தொடர்ந்து விழுந்துச்சே, அன்னிக்கு என்ன சொன்ன? "இன்னிக்குக் கைராசி, விடப்படாது." அதாவது, தோத்தா அடுத்தது ஜெயிக்கும். ஜெயிச்சா அடுத்ததும் ஜெயிக்கும். நம்மூரு சாமிகொண்டாடிகூட "மழை வந்தாலும் வரும், வராமலும் போகும்"னு ரெண்டு பக்கமும் ஒரு கதவத் தெறந்து வச்சுத்தான் குறி சொல்லுவான். நீ அவனுக்கும் மேல. "வரும், இல்லன்னா வரும்"ங்க. கொடைக்குக் கூப்பிட்டுச் சல்லடம் கட்டி விடணும்ல உன்ன.

போன ஞாயித்துக்கெழமை உன்கிட்ட ஒரு வேலை குடுத்தேன், ஞாபகம் இருக்கா? ஒரு தாள்ல, ஒத்த ரூவாய நூறு வாட்டி சுண்டி, விழுததப் பூ, தலைன்னு எழுது. இன்னொரு தாள்ல, சுண்டாம, சுண்டுன மாதிரி மனசுலருந்தே நூறு எழுது. எது எதுன்னு சொல்லாதன்னேன். தாத்தனுக்குக் கோட்டி பிடிச்சிட்டுன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்த. இந்தா, வெத்தலப்பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு, பாரு.

இந்தத் தாளு நீ மனசுலருந்து எழுதுனது. ஆமாவா, இல்லியா? முழிக்கான் பாரு! குறி சொல்லல ஐயா. இந்தத் தாள்ல எங்கயுமே மூணுக்கு மேல ஒரே பக்கம் வரல. மூணு பூ போட்டதும் உன் கை பதறி ஒரு தலையப் போட்டுருக்கு. இந்தா, இந்தத் தாளப் பாரு. நாப்பத்திமூணாவதுலருந்து வரிசையா ஏழு தலை. உனக்குத்தான் பதறும். ஒத்த ரூவாய்க்கு என்ன பதற்றம்?

இந்த வித்தைய எனக்குக் காட்டுனவ என் பேத்தி. பாளையங்கோட்டைல புள்ளியியல் படிக்கா. நூறு வாட்டி சுண்டுனா, எங்கயாவது ஒரு எடத்துல ஆறோ அதுக்கு மேலயோ ஒரே பக்கமா வரிசையா விழுததுக்குப் பத்துக்கு எட்டு வாய்ப்பு உண்டாம். வரிசை வந்தா அதிசயமில்ல, வராட்டாத்தான் யோசிக்கணும்ங்கா. வரிசையப் பாத்ததும் "அடடே, என்னமோ நடக்கு"ங்குதது நம்ம மண்டை. ஒண்ணும் நடக்கல.

உன் சக்கரத்துக்கே கணக்குப் போட்டுக் குடுத்தா. நாலு சுத்துக்கு ஒண்ணு ஏதாவது விழுத ஆட்டம்னு வச்சுக்கோ. மணிக்கு 600 சுத்து சுத்துத. அதுல பத்தும் அதுக்கு மேலயும் வரிசையா ஒண்ணுமே விழாத வறட்சி, சராசரியா எட்டு வாட்டி வரும். ஒரு மணி நேரத்துல எட்டு! நீ அத ஒவ்வொரு வாட்டியும் பஞ்சம்னு நெனச்சு, அடுத்தது அடமழைன்னு துட்ட இறக்குத. அந்தப் பன்னெண்டாவது சுத்துக்கும் நாலுல ஒண்ணுதாம்ல வாய்ப்பு. மொதச் சுத்துக்கு என்னவோ, அதேதான். பதினோரு வாட்டி தோத்த கதை உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்கம்மைக்கும் தெரியும். சக்கரத்துக்குத் தெரியாது.

நீ மட்டும்தான் கோட்டின்னு வருத்தப்படாத. கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனுசம்மாரே இதுல விழுந்துருக்காவ. மான்டி கார்லோன்னு ஒரு ஊரு, மொனாக்கோ நாட்டுல. அங்க ஒரு சூதாட்ட மாளிகை. 1913 ஆகஸ்டு 18, ராத்திரி. சக்கரத்துல உருண்டை ஓடி, செவப்புலயோ கருப்புலயோ விழணும். அன்னிக்குக் கருப்பு, கருப்பு, கருப்புன்னு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. பதினஞ்சு தாண்டுனதும் கூட்டம் முண்டியடிக்கி. "இனி செவப்புதான், வராமப் போயிருமா?"ன்னு துட்ட அள்ளிச் செவப்புல வைக்காவ. மறுபடி கருப்பு. ரெட்டிப்பா வைக்காவ. மறுபடியும் கருப்பு. வரிசையா 26 வாட்டி கருப்பு! அத்தனையும் மாளிகைக்காரன் பெட்டிக்குப் போச்சு. அவனுக்குக் கருப்பும் ஒண்ணுதான், செவப்பும் ஒண்ணுதான்.

"விட்ட எடத்துலதான தாத்தா பிடிக்கணும்"ங்க. இந்தப் பழமொழி எனக்கும் தெரியும். கல்யாணமான புதுசுல, இதே படித்துறைல முங்கி எந்திரிக்கையில மாமனாரு போட்ட மோதிரம் வெரல்லருந்து நழுவிட்டு. விட்ட எடத்துலதான பிடிக்கணும்? அதே மூணாவது படில மூணு நாள் முங்குனேன். மோதிரம் கெடைக்கல. மூணாம் நாள் அரைஞாண் கயித்துல கெடந்த வெள்ளித் தாயத்தும் போச்சு. நாலாம் நாள் எங்கய்யா வந்து கரைல நின்னு ஒரே வார்த்தை கேட்டாரு: "ஏலே, நீ முங்குதது அதே படி. ஓடுதது அதே தண்ணியா?" விட்ட எடம்னு ஒண்ணு ஆத்துல கெடையாதுல. உன் சக்கரத்துலயும் கெடையாது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாவ? நீ ஆத்துல போடுத, அளக்கவும் மாட்டங்க.

சரி, சக்கரம் சக்கரம்ங்கியே, அது எங்கல இருக்கு? காட்டு பாப்போம். அதோட பாட்டன் பூட்டன் அமெரிக்காவுல, சான்பிரான்சிஸ்கோல பொறந்தது. 1890கள்ல சார்லஸ் ஃபேங்குதவரு செஞ்சாரு. அதுல நெசமாவே மூணு சக்கரம் சுத்தி நிக்கும். நின்ன எடம்தான் முடிவு. பெறவு 1984-ல டெல்னேஸ்னு ஒருத்தரு காப்புரிமை வாங்குனாரு. சக்கரம் முடிவு பண்ண வேண்டாம், உள்ள இருக்க கம்ப்யூட்டர் ஒரு எண்ண எடுக்கட்டும், சக்கரம் அத வெளிய காட்டுனாப் போதும்னாரு. உன் போன்லயோ அந்தச் சக்கரமும் வெறும் படம். நீ பெருவிரல வச்ச நொடியிலயே முடிவு ஆகிப்போச்சு. அதுக்குப் பெறவு மூணு நொடி படபடன்னு சுத்துதே, அது தேரு நிலைக்கு வந்து சேந்த பெறவு வடம் பிடிச்சு இழுக்கித மாதிரி. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர்ல அப்படி ஒருத்தன் இழுத்தா ரதவீதியே சிரிக்கும். நீ ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சப் பிடிச்சுக்கிட்டு இழுக்க.

"ரெண்டு ஏழு விழுந்து, மூணாவது ஏழு ஒரு நூல்ல தப்பிட்டு"ன்னு போன வாரம் டீக்கடையில கண்ணு கலங்குனியாம். நூல்ல தப்பல ஐயா. தப்புன மாதிரி காட்டத்தான் படத்த அடுக்கி வச்சிருக்கான். ஒரேயடியாத் தோத்தவன் வீட்டுக்குப் போயிருவான். நூல்ல தப்புனவன் போவானா? இன்னொண்ணு கேளு. பத்து ரூவா வைக்க, நாலு ரூவா திரும்பி வருது. உடனே போன்ல மணி அடிக்கி, காசு கொட்டுது, "வெற்றி"ங்கான். ஆறு ரூவாயப் பறிகுடுத்தவனுக்கு மேளம் அடிச்சு மால போடுத ஊரு ஒலகத்துல வேற எங்கயாவது உண்டா? உண்டு. கெடா வெட்டுததுக்கு முன்னால அதுக்கும் மால போடுவோம்.

நீ எடது கைப் பெருவிரலாலதான் தொடுவியாம், கெழக்க பாத்துத்தான் உக்காருவியாம். உங்கம்மை சொன்னா. இதுவும் புதுசு இல்ல. 1948-ல ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் புறாக்களப் பெட்டில போட்டாரு. அது என்ன செஞ்சாலும் செய்யாட்டாலும், குறிச்ச நேரத்துக்கு ஒருக்க தீனி விழும். கொஞ்ச நாள்ல ஒரு புறா தன்னத்தானே சுத்திச் சுத்தி வருது, இன்னொண்ணு மூலையப் பாத்துத் தலைய ஆட்டுது. தீனி விழுந்தப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சோ, அதுனாலதான் விழுந்துச்சுன்னு நம்பிட்டு. ஆனா புறா உன்ன விடப் பொழைக்கத் தெரிஞ்சது. அதுக்குத் தீனியாவது ஓசி.

இப்பம் இந்தப் புளியமுத்தப் பாரு. நூறு எண்ணி வச்சிருக்கேன். உன் ஆட்டத்துல, நூறு ரூவா போட்டா 96 திருப்பிக் குடுப்போம்னு கம்பெனிக்காரன் சின்ன எழுத்துல போட்டிருப்பான். ஒண்ணு ரெண்டு கூடக்கொறைய இருக்கும். "நூத்துக்கு நாலுதான தாத்தா, வட்டிக்கடையவிடக் கொறவு"ங்க. சரி, நான்தான் கம்பெனி. நூறும் என்கிட்டத் தா. நாலு எடுத்துக்கிட்டேன், இந்தா மீதி. வீட்டுக்குப் போறியா? போமாட்ட. மறுபடி தா. அதுலயும் நூத்துக்கு நாலு வீதம் எடுத்துக்கிட்டேன், இந்தா. மறுபடி தா. எத்தன வாட்டில பாதி ஆகும்னு நெனைக்க? பதினேழு வாட்டி. பதினேழு கை மாறுனா, நூறு அம்பதாயிரும். நடுவுல நீ ஜெயிச்சியா தோத்தியாங்குதது உன் கவலை. நான் ஒவ்வொரு கைமாத்துக்கும் நூத்துக்கு நாலு எடுத்தேன், அது என் கவலை. உனக்கு ராசி வரும் போகும். எனக்கு நாலு வந்துக்கிட்டே இருக்கும்.

துட்டாவே சொல்லுதேன். சுத்துக்குப் பத்து ரூவா, நிமிசத்துக்குப் பத்து சுத்து. மணிக்கு 6,000 ரூவா உன் பெருவிரல் வழியா ஓடுது. நூத்துக்கு நாலுன்னா, மணிக்குச் சராசரியா 240 ரூவா போகும். ஆயிரம் பீடி சுத்துனா உங்கம்மைக்கு என்ன கூலி குடுக்காவன்னு போய்க் கேளு. கேட்டுட்டு வந்து இந்த 240-க்குப் பக்கத்துல எழுதிப் பாரு. இதுவும் கம்பெனிக்காரன் யோக்கியனா இருந்தா நடக்குத கணக்கு. நம்ம நாட்டுச் சட்டத்துக்கு ஒளிஞ்சு, எவனோ அனுப்புன லிங்க்ல வந்த உன் ஆட்டத்துக்கு 96-ஆ, 60-ஆன்னு யாரு சாட்சி?

"தோத்தா ரெட்டிப்பா வச்சுப் பிடிச்சிருவேன்"னு ஒரு தந்திரம் வச்சிருக்கியாம். பலே. பத்து ரூவாயில ஆரம்பி. பத்து வாட்டி தொடர்ந்து போனா, போனது 10,230. பதினோராவதுக்கு வைக்க வேண்டியது 10,240. அது விழுந்துட்டுன்னே வையி. மொத்தத்துல உனக்கு லாபம் எவ்வளவுங்க? பத்து ரூவா. பத்து ரூவாய்க்காக இருபதாயிரத்த நடுத்தெருவுல நிறுத்துத தைரியம் எனக்கு இல்லப்பா.

என்ன மொனங்குத? சத்தமாச் சொல்லு. "நீங்க மட்டும் என்னவாம்? மழைய நம்பி நாத்துப் பாவுதீங்களே, அது சூது இல்லியா?" சபாஷ். இதுதாம்ல கேள்வி. ஆமா, வெவசாயமும் சூதுதான். 92 வெள்ளத்தயும் பாத்தேன், 2023 டிசம்பர் வெள்ளத்தயும் பாத்தேன். அன்னிக்குக் காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஆத்துக்கு ஞாபகம் உண்டு. பொதிகை மலைல நேத்துப் பெஞ்சது இன்னிக்கு இந்தப் படிக்கு வரும். பாபநாசம் அணை 143 அடி. அதுல எத்தன அடி தண்ணி கெடக்குன்னு தெனமும் பேப்பர்ல போடுதான். அதப் பாத்து கார் வைக்கலாமா, பிசானத்துக்குக் காத்திருக்கலாமான்னு யோசிக்க முடியும். உன் சக்கரத்துக்கு எந்தப் பேப்பர்ல அடி போடுதான்? காரு பொய்ச்சா மாட்டுக்கு வைக்கோலாவது மிஞ்சும். சக்கரம் பொய்ச்சா சார்ஜ் எறங்குன போனுதான் மிஞ்சும். அப்பறம், முப்பது வருசத்துக்கு ஒருக்கத்தான் வெள்ளம்னு கணக்குப் பண்ணி இப்பம் ஆத்துக்குள்ள வீடு கட்டுதான் பாரு, அவன் உன் கூட்டாளி. பன்னெண்டாவது சுத்துக் கட்சி.

சர்க்காரும் இந்தச் சூத வெரட்டிக்கிட்டுத்தான் திரியுது. 2003-ல லாட்டரிய நிப்பாட்டுனாவ. ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2020-ல அவசரச் சட்டம். அடுத்து வந்த சட்டம் 2021 ஆகஸ்டுல சென்னை ஐகோர்ட்டுல தோத்துச்சு. 2022-ல நீதிபதி சந்துரு கமிட்டி போட்டு, மறுபடி ஒரு சட்டம். கவர்னர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேத்தி, 2023 ஏப்ரல்ல ஒப்புதல் வந்துச்சு. அந்த நவம்பர்ல ஐகோர்ட்டு சட்டம் செல்லும்னு சொல்லி, ரம்மியையும் போக்கரையும் மட்டும் தெறமை ஆட்டம்னு வெளிய எடுத்துச்சு. உன் சக்கரத்த எந்தக் கோர்ட்டும் தெறமைன்னு சொல்லல. பெறவு 2025 ஆகஸ்டுல துட்டு வச்சு ஆடுத ஆன்லைன் ஆட்டம் எல்லாத்துக்கும் நாடாளுமன்றமே பூட்டுப் போட்டுச்சு. தோல்வி, வெற்றி, பாதி வெற்றி, வெற்றி. சட்டத்துக்கும் ராசி பாத்துறாத. கோர்ட்டுல வாதாட ஆளு இருந்துச்சு, அதுனால ஜெயிச்சுச்சு. சக்கரத்துகிட்ட யாரு போய் வாதாடுவா?

நான் மட்டும் பெரிய உத்தமனான்னு கேக்காத. இங்க லாட்டரி நின்னதும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போய்க் கேரளாச் சீட்டு வாங்குனவன்தான் நான். ஒரே ஒரு வாட்டி சின்னத் தொகை விழுந்துச்சு. அத மாத்தப் போன பஸ் துட்டு, சாயாத் துட்டு போக, கைல நின்னது ஒரு நேந்திரம்பழம். ஆனா ஊருக்குள்ள வந்து "சீட்டு விழுந்துட்டு"ன்னுதான் சொன்னேன். விழாத வாரத்த எவன்கிட்டயும் சொன்னதில்ல. நீயும் அதத்தான செய்யுத? ஜெயிச்ச ராத்திரி டீக்கடைல ஒன்பது பேருக்கு வடை. தோத்த ராத்திரி உங்கம்மை சுருக்குப்பைல கை. அதுனால உனக்கு நான் சொல்லுத ரகசியம் இதுதான்: நோட்டுப்போட்டு எழுதிறாத. போட்டது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம்னு ஒரே ஒரு மாசம் எழுதிட்டன்னு வையி, ஆட்டத்துல ருசியே போயிரும். எச்சரிக்கையா இரு.

வரிசை பாக்குததுல அம்புட்டு ஆசைன்னா, உனக்கு ஒரு நல்ல வரிசை காட்டுதேன். வள்ளுவரு 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமைன்னு வச்சாரு. 94 சூது. 95 என்ன தெரியுமா? மருந்து. இந்த ஒரு வரிசைய நம்பு. இது தப்பவே தப்பாது. ஜெயிச்ச துட்ட அவரு, மீனு முழுங்குன தூண்டில் முள்ளோட சேத்துத்தான் வச்சாரு. ஆத்தங்கரைல பொறந்தவனுக்கு அதுக்கு மேல வெளக்கம் வேணுமா?

சிரிச்சது போதும். இனிச் சிரிக்காமச் சொல்லுதேன், கேளு. கடன் எம்புட்டு இருக்குன்னு இன்னிக்கே உங்கம்மைகிட்டச் சொல்லிரு. பேப்பர்ல தெனமும் என்ன வருதுன்னு நானும் வாசிக்கேன்ல. மறைச்சு வச்ச புள்ளையளத்தான் அந்தச் சேதில பாக்கேன். நிறுத்த நெனச்சும் கை நிக்கலன்னா, 14416-ன்னு ஒரு நம்பர் இருக்கு, சர்க்காரு மனநல உதவி எண். ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாவ. நீ முழிச்சிருக்கித நேரம்தான அது.

என் சந்தேகத்துக்கு மட்டும் நீ பதிலே சொல்லல. பரவால்ல, நாளைக்குக் காலைல போன மச்சுல வச்சுட்டு இறங்கி வந்து, உங்கம்மை பக்கத்துல உக்காரு. அவ சுத்திப் போடுததுல ஒரு கட்டுக்கு நூல் கட்டிக் குடு. எண்ணிப் பாரு. அவ இருபத்தஞ்சு சுத்துனா, இருபத்தஞ்சு இருக்கும்.